குயிற்பத்தைக் காதால் படிக்கச் சொல்லித்தரும் வகுப்பு: ஒரு மதிப்புரை

திருவாசகத்தின் 18ஆம் பகுதியாகிய குயிற்பத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் யாப்பையும் ஓசையையும் ஆறு அமர்வுகளில் கற்பிக்கும் இணையவழி வகுப்பொன்றில் சேர்ந்து அண்மையில் நிறைவு செய்தேன். கல்லூரியில் இலக்கணம் கற்பித்து ஓய்வு பெற்ற பேராசிரியை ஒருவரும், கோயிலில் திருமுறை பாடும் ஓதுவார் ஒருவரும் சேர்ந்து இதை நடத்துகிறார்கள். சனிக்கிழமை மாலைகளில் ஒன்றரை மணி நேரம் வகுப்பு நடக்கும். கட்டணம் 1,500 ரூபாய். அச்சிட்ட கையேடும் பாடல்களின் ஒலிப்பதிவும் அந்தக் கட்டணத்திலேயே அடங்கும். தெரிந்தவர் வழியாக வருபவர்களே போதும், விளம்பரம் வேண்டாம் என்பது அவர்கள் கொள்கையாதலால், பெயரைக் குறிப்பிடாமல் எழுதுகிறேன்.

பக்திப் பாடல்களுக்குப் பொருள் சொல்லும் வகுப்புகளும் சொற்பொழிவுகளும் நம்மிடையே நிறைய உண்டு. பாடலின் கருத்தை விரித்துரைத்து, இடையிடையே கதை சேர்த்து, கேட்பவரை உருகவைத்து அனுப்பிவிடுவார்கள்; அந்த உருக்கத்தைப் பாட்டின் எந்த எழுத்து, எந்தச் சீர், எந்த நிறுத்தம் உண்டாக்குகிறது என்று காட்டுவோர் மிகக் குறைவு. திருவாசகத்துக்கு உருகாதார் ஒரு வாசகத்துக்கும் உருகார் என்று மேடைதோறும் கேட்டிருக்கிறோம். உருக்குவதில் கருத்துக்கு இருக்கும் பங்கு கட்டமைப்புக்கும் இருக்கிறது என்பதை 40 அடிகளைக் கொண்டு இந்த வகுப்பு மெய்ப்பித்துக் காட்டியது. அந்த ஒன்றுக்காகவே இதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். கையேட்டைப் பற்றியும் ஒலிப்பதிவைப் பற்றியும் எனக்குக் கடுமையான மனக்குறை உண்டு; அவற்றைப் பின்னால் சொல்கிறேன்.

குயிற்பத்து, பெயருக்கு ஏற்பப் பத்துப் பாடல்கள் கொண்டது. ஆத்தும இரக்கம் என்றும், தில்லையில் அருளியது என்றும் பதிப்புகள் தலைப்பிடுகின்றன. ஒவ்வொரு பாடலும் குயிலை விளித்து, பெருமானைக் கூவு என்று கேட்டு முடிகிறது. பாட்டுக்கு நான்கடி, அடிக்கு ஆறு சீர், அதாவது ஓசைக்கு ஏற்பப் பிரித்த ஆறு துண்டுகள். இலக்கணப் பெயர் அறுசீர்க் கழிநெடிலடி ஆசிரிய விருத்தம். இந்தப் பெயரை முதல் அமர்வில் பேராசிரியை உச்சரிக்கவே இல்லை. பத்துப் பாடல்களையும் நிறுத்தி நிதானமாக வாசித்தார்; பிறகு முதற்பாட்டை மட்டும் மறுபடி எடுத்துக்கொண்டு, “யாரும் கையேட்டைப் பார்க்க வேண்டாம். அடியின் நடுவில் என் குரல் எங்கே சற்று நின்று புறப்படுகிறது என்று மட்டும் கவனித்துச் சொல்லுங்கள்” என்றார்.

கீத மினிய குயிலே கேட்டியேல் எங்கள் பெருமான்
பாதம் இரண்டும் வினவில் பாதாளம் ஏழினுக் கப்பால்
சோதி மணிமுடி சொல்லிற் சொல்லிறந்து நின்ற தொன்மை
ஆதிகுணம் ஒன்று மில்லான் அந்தமி லான்வரக் கூவாய்.

‘கேட்டியேல்’ என்பதற்கு முன்பு, ‘பாதாளம்’ என்பதற்கு முன்பு என்று பலரும் சரியாகவே சொன்னார்கள். அசை, சீர் எதுவும் அறியாதவர்களுக்குக்கூடக் காது அந்த இடத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டது. அதற்குப் பிறகே காரணம் வந்தது. நிற்கும் இடம் மூன்றாம் சீரின் முடிவு. புறப்படும் இடம் நான்காம் சீரின் தொடக்கம். அந்த நான்காம் சீர் முதற்சீரோடு மோனையால் கட்டப்பட்டிருக்கிறது. கீத – கேட்டியேல், பாதம் – பாதாளம், சோதி – சொல்லிறந்து, ஆதி – அந்தம். அடி தொடங்கிய எழுத்து நடுவில் மறுபடி ஒலிக்கும்போது, அடி அங்கே இரண்டாவது முறை தொடங்குவதாகவே காது எடுத்துக்கொள்கிறது. கேள்வியை முதலில் வைத்து, விடையைக் காதிலிருந்து வாங்கி, இலக்கணப் பெயரை இறுதியில் சொல்லும் இந்த முறைதான் வகுப்பு முழுவதும் கடைப்பிடிக்கப்பட்டது. பள்ளியில் யாப்பிலக்கணத்தை வாய்பாட்டிலிருந்து தொடங்கி வெறுத்துப்போனவர்கள் இந்த முறையின் அருமையை உடனே உணர்வார்கள்.

இரண்டாம் அமர்வு முழுவதும் மோனைக்கே சென்றது. அது சிறிதும் மிகையன்று. வெளிப்படையாகத் தெரியும் மோனையோடு நில்லாமல், இன மோனையைத் தேடிப் பிடிக்கப் பழக்கினார். சகரத்துக்குத் தகரமும், ஞகரத்துக்கு நகரமும், மகரத்துக்கு வகரமும் இனம் என்ற மரபுவிதியைச் சொல்லிவிட்டு, மூன்றாம் பாட்டைத் திறக்கச் சொன்னார். அங்கே ‘நீல’ என்று தொடங்கும் அடியில் ‘நீள்மணி’, ‘கோல’ என்ற அடியில் ‘கொடிமங்கை’ என்று நேர் மோனை இருக்கிறது. அடுத்த அடியில் ‘சீலம்’ என்பதற்குத் ‘திரு’வும், இறுதி அடியில் ‘ஞாலம்’ என்பதற்கு ‘நாயகன்’ என்பதும் இன மோனையாக வந்து அதே நான்காம் சீரில் அமர்கின்றன. நான்காம் பாட்டில் ‘வான்பழித்து’ என்பதற்கு ‘மனிதரை’, ஏழாம் பாட்டில் ‘மன்னன்’ என்பதற்கு ‘வள்ளல்’, பத்தாம் பாட்டில் ‘செந்தழல்’ என்பதற்குத் ‘தேவர்’ என்று ஒவ்வொன்றாகக் கண்டுகொண்டே போனோம். வீட்டுப்பாடமாக 40 அடிகளையும் சரிபார்த்து வரச் சொல்லியிருந்தார். இன மோனையையும் சேர்த்துக்கொண்டு நான் எண்ணியபோது, ஒன்றைத் தவிர மற்ற 39 அடிகளிலும் முதற்சீரும் நான்காம் சீரும் மோனையால் இணைந்திருந்தன.

விலகி நிற்கும் அந்த ஓரடி ஐந்தாம் பாட்டின் மூன்றாம் அடி: ‘முந்தும் நடுவும் முடிவும் ஆகிய மூவ ரறியா’. இங்கே நான்காம் சீர் ‘ஆகிய’. மோனை முதல், மூன்றாம், ஐந்தாம் சீர்களில் விழுகிறது: முந்தும், முடிவும், மூவர். முதலும் நடுவும் முடிவும் என்று பொருளை அடுக்கிச் செல்லும் அடியில் நடு நிறுத்தம் மறைந்துபோனதற்கு ஆழ்ந்த உட்பொருள் உண்டா என்று வகுப்பில் ஒருவர் ஆர்வத்தோடு கேட்டார். “அடுக்கு தொடர்ந்து ஓடுவதால் குரல் நிற்பதில்லை. காதுக்குத் தெரிவது அவ்வளவுதான். அதற்கு மேல் நான் காரணம் கற்பித்துச் சொன்னால், அது என் கருத்தாகுமே தவிர மாணிக்கவாசகர் கருத்தாகாது, ஐயா” என்று பேராசிரியை பதிலளித்தார். ஓசை நயம் பேசுவோர் பலரும் எல்லை மீறுவது இந்த இடத்தில்தான். வல்லினம் வந்தால் வீரம், மெல்லினம் வந்தால் சோகம் என்று அடித்துச் சொல்லிப் பழகியவர்களுக்கு இடையில், காட்ட முடிந்ததை மட்டும் காட்டி நிறுத்தும் ஆசிரியரிடம் பாடம் கேட்பது பெரிய நிறைவைத் தந்தது.

வகுப்பின் உச்சம் என்று நான் கருதுவது மூன்றாம் அமர்வு. விருத்தம் என்றால் நான்கடியும் ஒரே சீர் வாய்பாட்டில் ஓட வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். கம்பராமாயண விருத்தங்களில் பழகிய காது அந்த ஒழுங்கையே தேடும். குயிற்பத்தில் அந்த ஒழுங்கு அப்படியே கிடைக்காது. முதற்பாட்டிலேயே முதல் அடி தேமா, புளிமா, புளிமா, கூவிளம், தேமா, புளிமா என்று நடக்க, நான்காம் அடி கூவிளங்காயில் தொடங்கி வேறு நடையில் செல்கிறது. (ஒற்றை எண்ணாமல் பார்த்தால் தனியெழுத்து நேரசை, குறிலில் தொடங்கும் ஈரெழுத்து நிரையசை; நேர் நேர் தேமா, நிரை நேர் புளிமா, நேர் நிரை கூவிளம், நிரை நிரை கருவிளம்; இறுதியில் இன்னொரு நேர் சேர்ந்தால் காய்.) இதைத் தளர்ச்சி என்று தள்ளிவிட்டுப் போகாமல், தளர்ந்திருக்கும் இடம் எது, இறுகியிருக்கும் இடம் எது என்று பிரித்துக் காட்டுவதற்காக இரண்டாம் பாட்டை எடுத்தார்.

ஏர்தரும் ஏழுல கேத்த எவ்வுரு வுந்தன் னுருவாய்
ஆர்கலி சூழ்தென் னிலங்கை அழகமர் வண்டோ தரிக்குப்
பேரரு ளின்ப மளித்த பெருந்துறை மேய பிரானைச்
சீரிய வாயாற் குயிலே தென்பாண்டி நாடனைக் கூவாய்.

நேரசைக்கு மேசையில் விரலால் ஒரு தட்டு, நிரையசைக்கு விரைந்து இரு தட்டு என்று வைத்துக்கொண்டு, அடிகளைப் பாதி பாதியாகத் தட்டிப் பார்க்கச் சொன்னார். ‘எவ்வுரு வுந்தன் னுருவாய்’ என்ற அரையடி விளம், தேமா, புளிமா. ‘ஆர்கலி சூழ்தென் னிலங்கை’ என்பதும் விளம், தேமா, புளிமா. ‘அழகமர் வண்டோ தரிக்கு’, ‘பேரரு ளின்ப மளித்த’, ‘பெருந்துறை மேய பிரானை’, ‘சீரிய வாயாற் குயிலே’ ஆகிய எல்லாமும் அதே நடைதான். விளம் சில இடங்களில் கூவிளமாகவும் சில இடங்களில் கருவிளமாகவும் இருக்கும் வேறுபாடு மட்டுமே உண்டு. இப்படி ஆறு அரையடிகள் தொடர்ந்து ஒரே நடையில் வந்து, காதை முழுவதும் பழக்கிவிட்ட பிறகு, ‘தென்பாண்டி நாடனைக் கூவாய்’ என்ற கடைசி அரையடி மாறுகிறது. ‘மேய பிரானை’ என்பது நேர் நேர் நிரை நேர். ‘நாடனைக் கூவாய்’ என்பது நேர் நிரை நேர் நேர். அசைகள் அதே நான்கு. நிரை மட்டும் ஓரிடம் முன்னால் நகர்ந்துவிட்டது. அதனால் பாட்டின் கடைசியில் இரண்டு நேரசைகள் தனித்து நிற்கின்றன, அவை இரண்டும் நெட்டெழுத்தால் ஆனவை, அவைதான் ‘கூவாய்’.

இதைத் தட்டிப் பார்த்து உணர்ந்த மாலையில் நான் அடைந்த மகிழ்ச்சியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சிறுவயது முதல் வாயில் இருந்த பாட்டு; அந்த இடத்தில் ஏதோ நிகழ்கிறது என்று எப்போதும் தோன்றியிருக்கிறது; நிகழ்வது இன்னது என்று கைவிரலுக்கே தெரியும்படி காட்டித்தந்தார்கள்.

இந்த முடிவு இரண்டாம் பாட்டுக்கு மட்டும் உரியதன்று என்பதையும் அதே அமர்வில் சரிபார்த்தோம். பத்துப் பாடல்களிலும் கடைசிச் சீர் ‘கூவாய்’ என்ற தேமா. அதற்கு முந்தைய சீர் தவறாமல் விளம். லான்வரக், நாடனைக், னைவரக், நீவரக், நாதனைக், கன்வரக், யோன்வரக் என்று ஒன்பது பாடல்களில் கூவிளம். பத்தாம் பாட்டில் மட்டும் ‘பிரான்வரக்’ என்ற கருவிளம். அடிகளின் உள்ளே நெகிழ்ந்து செல்லும் வாய்பாடு, பாட்டு முடியும் இடத்தில் மட்டும் பத்து முறையும் இம்மியும் பிசகாமல் நிற்கிறது.

அங்கே இலக்கணமும் ஓசையும் சந்திக்கும் நுட்பம் ஒன்று உண்டு. எட்டுப் பாடல்கள் ‘வரக் கூவாய்’ என்று, அதாவது அவன் வரும்படியாகக் கூவு என்று முடிகின்றன. இரண்டாம் பாட்டும் ஆறாம் பாட்டும் ‘நாடனைக் கூவாய்’, ‘கோகழி நாதனைக் கூவாய்’ என்று, அவனையே கூவி அழை என்று முடிகின்றன. முதல் வகையில் வினையெச்சத்தின் பின் வல்லினம் மிகுகிறது; இரண்டாம் வகையில் இரண்டாம் வேற்றுமை உருபின் பின் மிகுகிறது. இலக்கணக் காரணம் வேறு வேறாக இருந்தாலும், காதில் விழுவது ஒரே ஓசைதான்: பத்து முறையும் ‘கூ’ என்பதற்கு முன் ஒரு ‘க்’ வந்து மூச்சைக் கணநேரம் அடைத்துப் பிறகு திறந்துவிடுகிறது. உ, ஊ முதலிய ஐந்து உயிரும் இதழ் குவிந்து பிறக்கும் என்றும், அ, ஆ இரண்டும் அங்காந்து பிறக்கும் என்றும் தொல்காப்பியப் பிறப்பியல் கூறுவதைப் பேராசிரியை இங்கே நினைவூட்டினார். அடைத்த மூச்சு, குவிந்த இதழ், பிறகு அகலத் திறந்த வாய். குயிலைக் கூவச் சொல்லும் சொல்லைச் சொல்பவரின் வாயே கூவும் வாயாக மாறிவிடுகிறது. இதுவும் ஓசைக்கு வலிந்து ஏற்றிய பொருளாகுமோ என்று யோசித்துப் பார்த்தேன். கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தால் எவரும் சரிபார்த்துக்கொள்ளக்கூடிய செய்தி என்பதால் ஏற்றுக்கொள்கிறேன்.

எதுகைக்கு, அதாவது அடிதோறும் முதற்சீரின் இரண்டாம் எழுத்து ஒன்றிவருவதற்கு, ஒதுக்கிய நான்காம் அமர்வும் நன்றாகவே இருந்தது. நான்காம் பாட்டின் அடிமுதற் சொற்களாகிய தேன்பழ, வான்பழி, ஊன்பழி, மான்பழி என்பவற்றில் இரண்டாம் எழுத்து மட்டுமின்றி அதற்கு அடுத்து வரும் பகரமும் ழகரமும் ஒன்றிவருவதை எடுத்துக்காட்டினார். முதல் அடியில் அது தேனும் பழமும் நிறைந்த சோலை. அடுத்த அடிகளில் அதே ஓசை ‘பழித்து’ என்று திரும்பி, வானுலகைப் பழித்து மண்ணுக்கு வந்தவன், ஊனைப் பழித்து உள்ளத்தில் புகுந்தவன் என்று மேலே செல்கிறது. இனிப்பான சோலையில் தொடங்கிய ஓசை, வானையும் உடம்பையும் தள்ளி வைக்கும் ஓசையாக மாறுவதைக் காது மறுக்காமல் ஏற்றுக்கொள்கிறது. எதுகை இல்லாதிருந்தால் அந்தத் தாவல் அவ்வளவு இயல்பாக இருந்திராது. ஆறாம் பாட்டில் இன்பம், அன்பன், நன்பொன் என்று வந்து ‘கொம்பின்’ என்று மாறும் எதுகையையும் இந்த அமர்வில் விரைவாகப் பார்த்தோம்.

இனிக் கையேட்டுக்கு வருகிறேன். 48 பக்கம், நல்ல தாள், தெளிவான எழுத்து. பார்வைக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பாடல்கள் எல்லாம் சந்தி பிரித்தே அச்சிடப்பட்டிருக்கின்றன. பொருள் விளங்கவேண்டும் என்று நினைத்தால் அது சரி. யாப்பு கற்பிக்கும் வகுப்புக்கு அது பெரும் தடை. ‘எவ்வுருவும் தன் உருவாய்’ என்று அச்சிட்டால், ‘வுந்தன் னுருவாய்’ என்ற தேமா புளிமா கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. ‘நாயகனை வரக் கூவாய்’ என்று பிரித்துவிட்டால், ‘நாயக னைவரக் கூவாய்’ என்ற சீர்ப்பிரிப்பு கலைந்து, நான் மேலே வியந்து எழுதிய கூவிளமே மறைந்துவிடுகிறது. எட்டாம் பாட்டுக்கு நேர்ந்தது இன்னும் மோசம். அதன் நான்கு அடிகளும் வாவிங்கே, ஓவியவர், மேவி, தாவி என்று ‘வி’ எதுகையில் தொடங்குபவை. கையேட்டில் ‘வா இங்கே’ என்று இருப்பதால், முதல் அடிக்கு எதுகையே இல்லாததுபோல் தோன்றுகிறது. வகரம் உடம்படுமெய்யாக வந்து சொற்களைச் சேர்க்கும்போதுதான் அங்கே எதுகை பிறக்கிறது. வகுப்பில் இதைப் பேராசிரியை வாய்மொழியாகச் சரியாகவே விளக்கினார். அவர் சொன்னதைக் கையேட்டில் தேடியவர்கள் குழம்பினார்கள். இடப்பக்கம் சீர் பிரித்த பாடம், வலப்பக்கம் சந்தி பிரித்த பாடம் என்று எதிரெதிரே அச்சிட்டால் இந்தக் குறை முற்றிலும் தீர்ந்துவிடும். அடுத்த முறை வகுப்பு தொடங்குவதற்குள் இதைச் செய்தே ஆகவேண்டும் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன்.

ஒலியின் தரம் இரண்டாவது குறை. ஓதுவார் ஐயா ஒவ்வோர் அமர்விலும் கடைசி இருபது நிமிடம் பாடினார். ஓதுவார் மரபில் திருவாசகத்தைப் பெரிதும் மோகனத்தில் பாடுவது வழக்கம்; அவரும் அப்படியே, தாளக்கட்டு இல்லாமல் விருத்தமாகப் பாடினார். நான்காம் சீருக்கு முன் மூச்சு எடுத்துக்கொள்வதையும், முடிவில் ‘வாய்’ என்பதை இழுக்காமல் ‘கூ’ என்பதை இழுப்பதையும் கவனித்தபோது, மூன்று வாரங்களாகப் பேராசிரியை அசை பிரித்துச் சொன்னதை அவர் தொண்டை ஏற்கெனவே அறிந்திருப்பது விளங்கியது. இவ்வளவு நல்ல பாட்டு எங்களுக்கு வந்து சேர்ந்த விதம்தான் வருத்தத்துக்குரியது. காணொளிக் கூட்டச் செயலிகளில் பின்னணி இரைச்சலை நீக்கும் வசதி ஒன்று தானாகவே இயங்கிக்கொண்டிருக்கும். பேச்சுக்கு அது உதவும். நீட்டிப் பாடும் குரலையோ இரைச்சல் என்று கருதி வெட்டிவிடும். அதனால் ‘கூ’ என்று அவர் நீட்டியபோதெல்லாம் ஒலி தேய்ந்து அறுந்து வந்தது. அமைப்புகளுக்குள் சென்று அந்த வசதியை நிறுத்திவிட்டுப் பாடினால் போதும். அல்லது கைப்பேசியிலேயே தனியாகப் பதிவு செய்து அனுப்பலாம். கட்டணத்தோடு தரப்பட்ட ஒலிப்பதிவுகளும் வகுப்பிலிருந்தே எடுக்கப்பட்டவையாதலால் அதே குறை அவற்றிலும் இருக்கிறது. ஓசையைக் கற்பிக்கும் வகுப்பில் ஓசைக்கு இந்த நிலை வரலாகாது.

ஐந்தாம் அமர்வு குயில் என்ற பறவையைப் பற்றியது. யாப்பு வகுப்பில் இதற்கு என்ன வேலை என்று முதலில் தோன்றினாலும், பயன் இருந்தது. கோடை தொடங்கும் பருவத்தில் ஒவ்வொரு முறையும் குரலை உயர்த்திக்கொண்டே போய்ச் சட்டென நிறுத்தி, மீண்டும் முதலிலிருந்து தொடங்கும் அந்தக் கூவல் ஆண்குயிலுடையது; உடல் பளபளப்பான கருநிறம், கண் சிவப்பு. பெண்குயில் பழுப்பு நிறத்தில் வெண்புள்ளிகளோடு இருக்கும். அதன் குரல் வேறு. ‘நீல உருவிற் குயிலே’ என்று மூன்றாம் பாட்டு அழைப்பது கூவும் குயிலின் நிறத்துக்கு மிகப் பொருந்துகிறது. ஏழாம் பாட்டில் ‘உன்னை உகப்பன் குயிலே உன்துணைத் தோழியும் ஆவன்’ என்று பாடுபவர் பெண்குரலில் பேசி, பறவையிடம் பேரம்போல ஒன்றை முன்வைக்கிறார். ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில் வரும் குயில் பாடல்களிலும் ‘வரக் கூவாய்’ என்ற இதே முடிவும், தான் வளர்த்த கிளியை உனக்குத் தோழமையாக்குவேன் என்று குயிலுக்குச் சொல்லும் வாக்கும் உண்டு. ஆண்டாளின் அடிகள் இன்னும் நீளமானவை. இந்த ஒப்பீட்டைக் கால்மணி நேரத்தில் முடித்துக்கொண்டார்கள். இரண்டு குயில் பாடல்களையும் அருகருகே வைத்து ஓர் அமர்வு முழுவதும் பேசியிருக்கலாம் என்பது என் விருப்பம்.

ஆறாம் அமர்வில் குயிற்பத்துக்கு அடுத்து வரும் திருத்தசாங்கத்தைத் தொட்டார்கள். அங்கே விளிக்கப்படுவது கிளி, பெருமானின் பெயர், நாடு, ஊர், ஆறு, மலை என்று பத்து உறுப்புகளைக் கேட்டுக் கிளியிடம் விடை வாங்கும் பாடல்கள் அவை, யாப்பு வெண்பா. குயிலைக் கூவச் சொல்லும்போது விருத்தமும், கிளியைச் சொல்லச் சொல்லும்போது வெண்பாவும் எடுத்துக்கொள்ளப்பட்டிருப்பது இரண்டையும் அடுத்தடுத்து வாய்விட்டுப் படிக்கும்போது நன்றாகப் புலப்படுகிறது. ‘ஏரார் இளங்கிளியே எங்கள் பெருந்துறைக்கோன், சீரார் திருநாமம் தேர்ந்துரையாய்’ என்று வெண்பாவுக்குரிய செப்பலோசையில் கேள்வி நடந்துவந்து, ‘என்று’ என்ற குறுகிய ஈற்றுச் சீரில் விடை முடிந்துவிடுகிறது. நீட்டிக் கூவ அங்கே இடமில்லை. கிளிக்கு அது தேவையுமில்லை. இந்த அமர்வு அவசரமாக முடிந்துபோனது. வெண்பாவின் சீர்கள் ஒன்றோடொன்று இணையும் விதியாகிய வெண்டளை பற்றி முன்பே அறிந்தவர்களுக்கு மட்டுமே முழுமையாக விளங்கியிருக்கும்.

எழுத்து, அசை, சீர் என்ற மூன்றையும் ஓரளவேனும் படித்துவிட்டுச் சேர்வது நல்லது. முதல் இரண்டு அமர்வுகள் எவருக்கும் புரியும். மூன்றாவதில் நேர், நிரை என்று சொன்னவுடன் பிடித்துக்கொள்ளத் தெரியாதவர்கள் பின்தங்கினார்கள். அவர்களுக்காகத் தனியே ஒரு முன்பயிற்சி வைத்திருக்கலாம். திருவாசகத்துக்குச் சைவ சித்தாந்த விளக்கம் தேடுவோருக்கு இந்த வகுப்பு ஏமாற்றமே தரும். அந்தப் பக்கம் இவர்கள் போவதே இல்லை. தமிழாசிரியர்கள், மரபுக்கவிதை எழுதப் பழகுவோர், திருமுறை பாடக் கற்போர் ஆகிய மூவகையினரும் சேரலாம். குறிப்பாகப் பாடக் கற்கும் பிள்ளைகள் மூன்றாம் அமர்வைத் தவறவிடக்கூடாது. கட்டணம் உள்ளடக்கத்துக்கு நியாயமானதே. பதிவான காணொளிகளை மூன்று மாதம் வரை திரும்பப் பார்க்கலாம். சேர்பவர்கள் கையேட்டை மட்டும் நம்பியிராமல், சீர் பிரித்து அச்சிட்ட பழைய திருவாசகப் பதிப்பு ஒன்றை வீட்டிலிருந்தோ நூலகத்திலிருந்தோ எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அமருங்கள்.